வேகம் பார்க்கிறவர்

"இன்னும் ஒண்ணே ஒண்ணு" என்று பின்னாலிருந்து கணவர் சொன்னபோது, அவள் துப்பாக்கிக் கட்டையிலிருந்து கன்னத்தை எடுக்கவில்லை. எடுத்தால் திரும்ப வேண்டியிருக்கும். திரும்பினால் அந்த முகத்தைப் பார்க்க வேண்டியிருக்கும். இது எத்தனையாவது 'ஒண்ணே ஒண்ணு' என்று எண்ணுவதை அவள் எப்போதோ விட்டுவிட்டாள். காதுக்கவசத்தையும் துளைத்துக்கொண்டு வருகிற குரல் அவருக்கு.

குழாய் நுனியில் பட்டை போட்டு இறுக்கியிருந்த கருவி, குண்டு எவ்வளவு வேகத்தில் வெளியேறுகிறது என்று ஒவ்வொரு வெடிக்கும் எண் காட்டும். நாளை அணித்தேர்வு. துப்பாக்கி சுடும் மைதானத்தின் கடைக்கோடியில் இருக்கும் பலகையில் சுட வேண்டும். அங்கே போய்ச் சேர்வதற்குள் குண்டு எவ்வளவு தாழும் என்று கணக்குப் போட இந்த வேகம் தெரியத்தான் வேண்டும். அதை அவள் மறுக்கவில்லை. ஆனால் கொஞ்ச வெடியில் தெரிந்துபோகிற விஷயத்துக்கு, அவள் சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து வெடிமருந்தைத் துளித்துளியாக நிறுத்து அடைத்த தோட்டாக்களெல்லாம் போய்க்கொண்டிருந்தன. விருந்துக்குச் சமைத்ததை ருசி பார்த்தே காலி செய்கிற கதை.

கடைத் தராசுகளைச் சோதித்து முத்திரை போடுவது அவர் உத்தியோகம். மைதானத்தில் எல்லோரும் அவரை 'மீட்டர்' என்றுதான் கூப்பிடுவார்கள். அவருக்கும் அதில் பெருமைதான். ஒருமுறை அவளுக்குக் காய்ச்சல் வந்தபோது இரண்டு தெர்மாமீட்டர்கள் இரண்டு விதமாகக் காட்டின என்று மூன்றாவது வாங்கக் கடைக்கு ஓடினார். அவள் கேட்டது குடிக்கத் தண்ணீர். அன்பில்லாத மனுஷர் என்று சொல்ல முடியாது. அதுதான் அவளுக்கு இன்னும் எரிச்சல். கெட்டவராக இருந்தால் ஒரு சண்டையோடு முடிந்திருக்கும்.

ஒருவழியாகச் சராசரி அவர் மனத்துக்குப் பிடித்த எண்ணில் வந்து நின்றது. கருவியைக் கழற்றினார். அவள் கிட்டத்தில் இருந்த பலகையைக் குறிவைத்துச் சுட்டாள். குண்டு வட்டத்துக்கு மேலே போய் விழுந்தது. இன்னொன்று சுட்டாள். அதே இடம்.

முதலில் தன்னைத்தான் சந்தேகப்பட்டாள். அது அவளுக்குப் பழகிய வழி. மூச்சா, விரலா, தோளா என்று ஒவ்வொன்றாக விசாரித்தாள். போன தேர்விலும் அதற்கு முந்தியதிலும் மாற்றாளாகவே பெஞ்சில் உட்கார்ந்திருந்தது ஞாபகம் வந்தது. அப்புறம்தான் குறிபார்க்கும் கண்ணாடியின் மேலிருந்த, ஒவ்வொரு கிளிக்குக்கும் குண்டு விழும் இடத்தைக் கொஞ்சம் ஏற்றி இறக்கும் திருகைப் பார்த்தாள். மூடியில் புதிதாக ஒரு கைரேகை.

அவள் தண்ணீர் குடிக்கப் போன நேரத்தில் அவர்தான் திருப்பியிருக்கிறார். திருகின் பூஜ்யக் குறியையும் புது இடத்துக்கு நகர்த்தி, மூடியைப் போட்டு, பழைய இடத்தின் தடமே இல்லாமல், வெகு சுத்தமாக.

"யாரைக் கேட்டுத் திருப்பினீங்க?"

"குண்டு கீழ விழுந்துக்கிட்டே இருந்துச்சும்மா. உனக்காகத்தான் சரி பண்ணேன்."

"நுனியில எடையைக் கட்டித் தொங்கவிட்டா கீழதான் விழும். தராசு பாக்கிறவரு நீங்க, உங்களுக்கு நான் சொல்லணுமா?"

அவர் கருவியைக் கையில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். வேகத்தை மட்டும் பார், விழுகிற இடத்தைப் பார்க்காதே என்று அதை வாங்கிய அன்றே கையேட்டிலிருந்து படித்துக் காட்டியவரும் அவர்தான்.

"சரி, எத்தனை கிளிக் திருப்பினீங்க?"

காய்ச்சலைத் தசமப் புள்ளியோடு சொல்கிறவர், வானத்தைப் பார்த்தார்.

"ஏழு... எட்டு இருக்கும்."

அவளுக்கு அழுகையும் வரவில்லை, சிரிப்பும் வரவில்லை. பெட்டியைத் திறந்து பார்த்தாள். நாளைக்கு வேண்டியது போக ஒரே ஒரு தோட்டா மிச்சம். ஏழா எட்டா என்று இந்த ஒன்றுதான் சொல்ல வேண்டும். தப்பினால் நாளை முதல் வெடியே குருட்டு வெடி.

அவர் மெல்லக் கருவியை நீட்டினார். சுடுவதுதான் சுடுகிறாள், அப்படியே வேகத்தையும் பார்த்துவிட்டால் என்ன என்று இழுத்தார்.

"கொஞ்சம் பின்னால போய் நில்லுங்க" என்றாள். குரல் உயரவில்லை.

திருகை ஏழு கிளிக் இறக்கினாள். எட்டாவதுக்குப் போகாமல் விரல் தயங்கி, ஏழிலேயே நின்றது. பாயில் படுத்துக் கட்டையில் கன்னத்தை வைத்தாள். முதுகுப்பக்கம் சாய்வெயில். அவருடைய நிழல் நீண்டு வந்து அவள் முழங்கைமேல் கிடந்தது. அது ஓர் அடி பின்னால் போயிற்று. பிறகு இன்னும் ஓர் அடி. தோள் போயிற்று, தலை போயிற்று. கருவியை நீட்டியபடி இருந்த கையின் நிழல் மட்டும் பாயின் ஓரத்தில் மிச்சம் இருந்தது. மூச்சைப் பாதி விட்டு நிறுத்தி, அதுவும் விலகட்டும் என்று அவள் காத்திருந்தாள்.