பரஸ்தானம் வைத்த பை

எனக்குப் பயமாக இருக்கிறது என்று சொன்னால் என் கணவர் யதிராஜன் சிரிப்பார். பல்லியைப் பார்த்தே ஊரைக் கூட்டுகிறவள்தானே என்பார். பல்லி வேறு, வானம் வேறு. பல்லி விழுந்தால் நம் மேல் விழும். அவர் ஓட்டுகிற நாலு இருக்கை விமானத்தில் ஏறினால் நாம்தான் விழவேண்டும்.

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் வால்வு செய்கிற சின்னத் தொழிற்சாலை வைத்திருக்கிறவருக்கு ஐம்பதை நெருங்கும்போது விமானி ஆசை வந்தது. மணவாள நகரிலிருந்து தினமும் லாரிப் புழுதியில் போய்வந்து தரையே வெறுத்துவிட்டது போலிருக்கிறது. படித்தார், பரீட்சை எழுதினார், ஃப்ளையிங் கிளப்பில் பயிற்சி முடித்துத் தனியார் விமானி உரிமமும் வாங்கிவிட்டார். மைசூரில் வேலை பார்க்கும் மகள் ஸ்ரீவாணியைப் பார்க்க என்னையும் கூட்டிக்கொண்டு பறப்பது என்று தீர்மானித்தார். அன்றோடு என் தூக்கம் போயிற்று.

அதற்கு முன்னால் ஒரு மாதம் வீட்டில் ஆப் பஞ்சாயத்து. பாதை, காற்று, மேகம், எரிபொருள் எல்லாவற்றையும் கணக்குப் போட்டுத் தருகிற ஆப்கள் இணையத்தில் ஏகப்பட்டவை இருக்கின்றனவாம். ஒன்றில் வரைபடம் கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம், ஆனால் நம் ஊர் விமான நிலையங்களில் பாதி இல்லை. இன்னொன்று எரிபொருளைக் கேலனில்தான் சொல்லும், லிட்டர் என்ற பாஷையே பேசாது. சாப்பாட்டுத் தட்டுக்குப் பக்கத்தில் டேப்லெட்டை வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகக் கழித்தார். கடைசியில் இரண்டு மிஞ்சின. ஒன்றைத் தன் டேப்லெட்டிலும் மற்றதை என் போனிலும் ஏற்றினார். நான் பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். ஒரே பயணத்தை இரண்டிலும் போட்டு விடை ஒத்துப்போகிறதா என்று பார்ப்பது என் வேலை.

என் போனில் இருந்தது கண்டிப்பான பேர்வழி. கிளம்பும் நேரத்தைச் சற்று மாற்றினாலும் அந்த நேரத்துக் காற்றைத் திரும்ப வாங்கி, கணக்கை முதலிலிருந்து போடும். முடிந்துபோன நேரத்தைக் கொடுத்தால் வாங்கவே வாங்காது. அவர் டேப்லெட்டில் இருந்தது சாது. எந்த நேரத்தைக் கொடுத்தாலும் சரி என்று வாங்கிக்கொண்டு, அந்த நேரத்துக் காற்றிலேயே நிற்கும். கண்டிப்பானதையே எடுங்கள் என்று எவ்வளவோ சொன்னேன். அவர் சாதுவைத்தான் எடுத்தார். காரணம் எனக்கு விளங்கவில்லை.

கிளம்புகிற அன்று விடியற்காலையில் காரணம் தெரிந்தது. அவர் குடும்பத்தில் எல்லாரும் திருவள்ளூர் பெருமாள் கோயில் கைங்கர்யத்தில் இருப்பவர்கள். ராகுகாலத்தில் தெருமுனைக் கடைக்குக்கூடப் போகமாட்டார்கள். விமானம் கிளம்ப எங்களுக்குக் கிடைத்த நேரமோ வெள்ளிக்கிழமை ராகுகாலம், பத்தரை மணிக்கு மேல். இப்படிப்பட்ட சங்கடத்துக்குத்தான் பரஸ்தானம் என்று ஒன்று இருக்கிறது. நல்ல நேரத்தில் ஒரு பையில் துணியும் மஞ்சளும் போட்டுப் பக்கத்து வீட்டில் வைத்துவிட்டால், பயணம் அப்போதே கிளம்பிவிட்டதாகக் கணக்கு. பிறகு எந்நேரம் வேண்டுமானாலும் புறப்பட்டு, வழியில் பையை எடுத்துக்கொள்ளலாம். என் கணவர் எதிர்வீட்டுத் துளசிராமனை எழுப்பிப் பையை வைத்துவிட்டு வந்தார். வந்த கையோடு டேப்லெட்டைத் திறந்து, கிளம்பும் நேரம் என்ற இடத்திலும் அந்த விடியற்காலை நேரத்தையே போட்டார்.

"ஏன்னா, நாம பொறப்படப்போறது அப்போ இல்லையே?" என்றேன்.

"பயணம் கிளம்பியாச்சு பூமா. ஆப்புக்கும் பரஸ்தானம் பண்ணிட்டேன்."

சிரித்தேன். சிரித்துக்கொண்டே ஜன்னல் வழியாகப் பார்த்தேன். வெளியே வேப்பமரத்தில் ஓர் இலைகூட அசையவில்லை. ஆனால் ஆடி மாதக் காற்று நாள் முழுக்க அப்படியே சும்மா இருக்குமா? அது மேற்கிலிருந்து வரும். நாங்கள் போவது மேற்கே.

துளசிராமன் வீட்டிலிருந்து பையை நான்தான் எடுத்துக் காரில் வைத்தேன். கிளப்பில் அவர் இறக்கை, வால் என்று தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தபோது விமானத்தின் பின்சீட்டில் சாமான்களை அடுக்கியதும் நான்தான். பரஸ்தானப் பையின் மேல் என் சால்வையைப் போட்டுவிட்டு ஓய்வறைக்குப் போய்வந்தேன். அதற்குள் டேப்லெட் சொன்ன அளவுக்கு எரிபொருள் ஏறியிருந்தது.

முன்சீட்டில் பெல்ட்டைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்ததும் கை சும்மா இருக்கவில்லை. என் போனில் நிஜமான நேரத்தைப் போட்டேன். போன் திரையில் சக்கரம் சுற்றிச் சுற்றி நின்றது. மைசூரில் இறங்கும்போது மிஞ்சவேண்டிய எரிபொருள் இருக்கும் கட்டம் சிவப்பாக இருந்தது. நான் வாயைத் திறந்தேன். அவர் கட்டுப்பாட்டுக் கோபுரத்தோடு பேசிக்கொண்டே கையால் சும்மா இரு என்றார். அடுத்த நிமிஷம் தரை எங்களை விட்டுப் போய்விட்டது.

கொஞ்ச நேரத்தில் வலப்பக்கம் தூரத்தில் நம்ம ஊர்க் குளம் தெரிகிறது பார் என்று காட்டினார். நான் பார்க்கவில்லை. என் கண் போனைவிட்டு நகரவில்லை. விமானம் குலுங்கியபோதெல்லாம் பெருமாளே என்றேன். அவர் பாசுரம் முணுமுணுத்துக்கொண்டு வந்தார்.

காஞ்சிபுரம் தாண்டியதும் கீழே பெங்களூர் நெடுஞ்சாலை தெரிந்தது. ஒரு வெள்ளைக் கார் எங்களுக்குச் சமமாக வந்தது. சற்று நேரம் கூடவே ஓடியது. பிறகு எங்களை முந்திக்கொண்டு போயே போய்விட்டது. வானத்தில் பறக்கிற எங்களை, சாலையில் போகிற கார்! எதிர்க்காற்று எங்களைப் பிடித்து நிறுத்திக்கொண்டிருந்தது. என்ஜின் மட்டும் எண்ணெயைக் குடித்துக்கொண்டே இருந்தது.

டேப்லெட்டில் எல்லாம் பச்சை. அதன் கணக்குப்படி நாங்கள் ஆம்பூரைத் தாண்டியிருக்க வேண்டும். ஆனால் வேலூர் மலைகளே இன்னும் கண்ணுக்கு முன்னால் தூரத்தில்தான் நின்றன. பாசுரம் எப்போது நின்றது என்று எனக்குத் தெரியவில்லை. அவர் காதோரம் வியர்வை வழிந்துகொண்டிருந்தது.

போனை அவர் முன்னால் நீட்டினேன். காற்று அடங்கிவிடும் என்றார். அடங்காவிட்டால் என்று கேட்டேன். கிளம்பின பயணத்தைப் பாதியில் திருப்பக்கூடாது, அப்பா காலத்திலிருந்து எங்கள் வீட்டில் யாரும் திரும்பினதில்லை என்றார். குரல் அவருடையது மாதிரியே இல்லை. அந்த மலைகளுக்கு அந்தப் பக்கம் எண்ணெய் தீர்ந்தால் எங்கே இறங்குவோம்? பாறையிலா? ஸ்ரீவாணி அங்கே விமான நிலையத்து வாசலில் நின்று போன்மேல் போன் போடுவாள் என்று நினைத்ததும் எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

சண்டை போட்டால் இந்த மனுஷர் திரும்பமாட்டார். இருபத்தைந்து வருஷமாகத் தெரியும். அதனால் பொய் சொன்னேன்.

"ஏன்னா, கோச்சுக்காதேங்கோ. பரஸ்தானப் பையை எடுக்க மறந்துட்டேன். துளசிராமன் ஆத்துலயே இருக்கு."

நானே தொடர்ந்தேன்.

"பையே கிளம்பலைன்னா நாம இன்னும் கிளம்பவே இல்லைன்னுதானே அர்த்தம். இது திரும்பறதுல சேர்த்தியே இல்லை."

பை என் முதுகுக்குப் பின்னால், சால்வைக்கு அடியில் இருந்தது. அவர் ஒரு தடவை தலையைத் திருப்பினால் போதும், தெரிந்துவிடும். அவர் நேராகவே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு இடது இறக்கை மெல்லச் சாய்ந்தது. மலைகள் கண்ணாடியில் வழுக்கிக்கொண்டு போய் மறைந்தன. அதுவரை எங்களை நிறுத்திவைத்த காற்று இப்போது பின்னாலிருந்து தள்ளியது. சாலையில் இருந்த கார்களெல்லாம் ஒவ்வொன்றாகப் பின்தங்கின.

கிளப்பிலேயே வந்து இறங்கினோம். கிளப் மெக்கானிக் பீட்டர் எரிபொருள் அளவைப் பார்த்துவிட்டு, எங்கள் முகத்தைப் பார்த்தார். நாங்கள் நாலடி நடந்ததும் பின்னாலிருந்து கூப்பிட்டார்.

"இன்னா சார், பையை வுட்டுட்டுப் போறீங்களே?"

அவர் கையில் பரஸ்தானப் பை, மஞ்சள் கறையோடு. எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை. என் கணவர் போய் அதை வாங்கித் தோளில் மாட்டிக்கொண்டு வந்தார். காருக்குப் பக்கத்தில் வந்ததும் நின்றார்.

"நீ அடுக்கிட்டு அந்தப் பக்கம் போனதும் எல்லாத்தையும் மறுபடி எடுத்து எடை போட்டு வெச்சவன் நான்தான் பூமா" என்றார். "எடை தெரியாம ஒரு சாமானை ஏத்த முடியாது."

"அப்போ தெரிஞ்சுண்டேவா திரும்பினேள்?"

கார்ச் சாவியை என்னிடம் நீட்டினார்.

"திரும்பறதுக்கு நீ எதையாவது சொல்ல மாட்டியான்னு இருந்தது" என்றார். "பயமா இருந்தது பூமா."