பின்னக் கோடுகள்

என் மனைவி கணிதத்தில் முனைவர் பட்டத்துக்கு ஆய்வு செய்துகொண்டிருந்தாள். நான் தையல்காரன். அவள் நோட்டில் எழுதித் தருவாள். நான் துணி வெட்டும் மேசையின் ஓரத்தில் கம்ப்யூட்டரை வைத்துத் தட்டச்சு செய்வேன். கணக்கு எனக்குச் சுட்டுப்போட்டாலும் வராது. ஆனால் கண்ணளவில் என்னை மிஞ்ச ஆளில்லை.

பின்னம் எழுத நானே ஒரு வழி கண்டுபிடித்தேன். மேல் எண்ணை ஒரு வரியில் அடிப்பேன், கீழ் எண்ணை அடுத்த வரியில். நடுவே மவுஸால் ஒரு கோடு இழுப்பேன். கோடுகள் அடிக்கடி இடம் மாறியதால், அவற்றைப் பக்கத்தோடு சேர்த்துப் பூட்டும் வசதியைத் தேடிப் பிடித்தேன். துணியில் குண்டூசி குத்துவது மாதிரிதான். மொத்தம் முந்நூற்றெழுபது கோடுகள், ஒன்றுகூடக் கோணல் இல்லை. துணியை வீணாக்காத கை என்பதால் தாளையும் வீணாக்கவில்லை. வெற்று வரியே கிடையாது. நன்றியுரையின் காலடியிலேயே முதல் அத்தியாயம் தொடங்கிவிடும். எனக்குக் கொஞ்சம் தலைக்கனம்கூட வந்திருந்தது.

ஆய்வேட்டைக் கொடுக்கக் கடைசி நாள். மாலை நான்கு மணிக்குள் அலுவலகத்தில் முத்திரை விழ வேண்டும், தவறினால் இன்னும் ஒரு வருடம் காத்திருக்க வேண்டும். அன்று பதினொரு மணிக்கு அவள் கடைக்கு வந்தாள்.

"கொஞ்சம் நகருங்க, ஒரே ஒரு வரி சேர்க்கணும்."

நான் சட்டைக்குக் காலர் வைக்கப் போய்விட்டேன். கொஞ்ச நேரத்தில், "என்னங்க, இங்க வாங்களேன்" என்றாள். அந்தக் குரலே சரியில்லை.

எழுத்தெல்லாம் ஒரு வரி கீழே இறங்கியிருந்தது. கோடுகள் மட்டும் நான் குத்திய இடத்திலேயே விறைப்பாக நின்றன. மேல் எண்ணும் கீழ் எண்ணும் கோட்டுக்கு அடியில் ஒண்டிக்கொண்டிருந்தன. கோட்டுக்கு மேலே முந்தைய வாக்கியம் வந்து உட்கார்ந்திருந்தது. ஓரிடத்தில் 'ஆகவே' என்ற சொல்லை ஏழால் வகுத்திருந்தேன். ஐம்பதாம் பக்கமும் அப்படித்தான், நூறாம் பக்கமும் அப்படித்தான்.

"நல்லா இருந்ததைக் கெடுத்துட்டியே. அப்படி என்ன தலைபோற வரி?" என்று எரிந்து விழுந்தேன்.

அவள் நன்றியுரையின் கடைசி வரியைக் காட்டினாள். 'ஒவ்வொரு கோட்டையும் வரைந்து தந்த என் கணவருக்கு நன்றி.'

முகத்தை எங்கே கொண்டுபோய் வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. "அதை எடுத்துடு. எல்லாம் தானா மேல ஏறிடும்" என்றேன்.

"மாட்டேன்."

"மணி ஆகுதும்மா."

"ஆகட்டும். உங்களை எடுத்தாத்தான் கணக்கு சரியா வரும்னா, அந்தக் கணக்கே எனக்கு வேணாம்."

சொல்லிவிட்டு நன்றியுரையை மேலிருந்து படிக்க ஆரம்பித்தாள். அவளுடைய வழிகாட்டிப் பேராசிரியருக்கு அதில் நான்கு வரிகள். நான்கையும் அவரே எழுதிக் கொடுத்திருந்தார். மூன்றாவது வரியில் அவருடைய அறிவு கடலைவிட ஆழமானது என்று இருந்தது. அவள் அந்த வரியை முழுசாக அழித்தாள். முந்நூற்றெழுபது பின்னங்களும் சத்தமில்லாமல் தங்கள் இடத்துக்குத் திரும்பின.

"அவர் கையெழுத்துப் போடணுமே" என்றேன்.

"போடுவார், வாங்க."

அச்சுக்கடைக்காரர் தாள்களை அடுக்கியபடி, "பின்னம் போடுறதுக்குன்னே இதுல ஒரு பட்டன் இருக்குமே, தெரியாதா?" என்று கேட்டார். அவள் சிரித்த சிரிப்பில் ஸ்டூலைத் தேடி உட்கார வேண்டியதாயிற்று. நான் அந்தப் பட்டனைத் திட்டிக்கொண்டே தாள்களைச் சுமந்தேன்.

பேராசிரியர் நன்றியுரையைத்தான் முதலில் படித்தார். கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு மறுபடியும் படித்தார்.

"நான் எழுதிக் குடுத்ததுல ஒரு வரி காணோமே?"

"இடம் பத்தலை சார்" என்றாள். அது சத்தியமான உண்மை.

அவர் கடைசி வரியைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். பக்கங்களைப் புரட்டிக் கோடுகளை விரலால் தடவினார்.

"இவ்வளவும் நீங்க ஒவ்வொண்ணா போட்டதா?"

"முந்நூத்தெழுபது சார்."

பேனாவை எடுத்துக் கையெழுத்துப் போட்டுவிட்டு, "என் புகழ்ல இன்னொரு வரியை எடுத்துட்டு இவரைப் பத்தி நல்லா எழுதியிருக்கலாமேம்மா. இப்ப வேணா மாத்திக்கோ" என்றார்.

"ஐயோ, வேணாம் சார்" என்று நாங்கள் இருவரும் ஒரே குரலில் சொல்லி, தாள்களை அவர் கையிலிருந்து பிடுங்காத குறையாக வாங்கிக்கொண்டு அலுவலகத்துக்கு ஓடினோம்.