குருசுமுத்தரின் வலது கால்

அல்லைப்பிட்டிக் குருசுமுத்தரின் வலது காலுக்குத் தீவுப்பக்கத்தில் நல்ல மதிப்பு. தலைக்கு முன்னே காலை நீட்டிப் பிறந்தவர் ஆயிற்றே! அப்படிப் பிறந்தவர் மூன்று தரம் உதைத்தால் முதுகுப்பிடிப்புப் பறந்துவிடும் என்பது ஊர் நம்பிக்கை. எழுவைதீவிலிருந்துகூடப் படகேறி வந்து உதை வாங்கிப் போவார்கள்.

மகள் பிரியதர்சினி தேசியக் கரப்பந்தாட்ட அணியில் ஆடுகிறாள். கொழும்பு முகாமிலிருந்து ஒருநாள் போன் எடுத்தாள்.

"அப்பா, இடுப்பு பிடிக்குது. கால் விரலும் விறைக்குது."

போட்டிக்கு நாலே நாள்.

"டொக்டரிட்டச் சொல்லிப்போடாத, நிப்பாட்டிப்போடுவாங்கள். நான் வாறன்," என்று பஸ் ஏறிவிட்டார் மனுசன்.

அணியில் ஒரு டொக்டர், ஒரு பிசியோ, அவர்களோடு கைரோபிரக்டர் சுதாகரன். கனடாவில் படித்து வந்தவர். முதுகெலும்பைக் கையால் அழுத்திச் சரிசெய்வது அவர் வேலை. சுதாகரன் அறைக்குள் வந்தபோது மகள் பாயில் குப்புறக் கிடந்தாள். குருசுமுத்தர் சாரத்தை மடித்துக் கட்டிக் காலைத் தூக்கியிருந்தார்.

"அண்ணை, பொறுங்கோ!"

"தம்பி, நீரும் எங்கட தொழில்தானே. நீர் கையால செய்யிறீர், நான் காலால. வேணுமெண்டா நீரே நெட்டி முறிச்சு விடும். டொக்டருக்கு மட்டும் சொல்லாதையும்."

சுதாகரன் சிரிக்கவில்லை. பிரியதர்சினியின் கால் பெருவிரலைத் தொட்டு, "மேல தூக்கும், பாப்பம்," என்றார். விரல் எழும்பவில்லை.

"அண்ணை, இதுக்கு என்ர கையும் வேண்டாம், உங்கட காலும் வேண்டாம். நரம்பு நசியுது. இப்ப அமத்தினா கால் விளங்காமலே போகலாம். இஞ்ச நாங்கள் மூண்டு பேரும் சேர்ந்துதான் முடிவெடுக்கிறது. ஒளிப்பு மறைப்பு இல்லை."

டொக்டரை அவரே கூட்டி வந்தார். அன்று ஸ்கேன், மறுநாள் சத்திரசிகிச்சை. போட்டி போனது. குருசுமுத்தர் சுதாகரனை மனதுக்குள் வண்டை வண்டையாகத் திட்டித் தீர்த்தார்.

சத்திரசிகிச்சை செய்த டொக்டர் வெளியே வந்து, "நல்ல காலம், முதுகில ஒருத்தரும் அமத்தேல்லை," என்றபோதுதான் குருசுமுத்தருக்கு விளங்கியது. எவ்வளவு கிட்டப் போய்விட்டது இந்தக் கால்! வாசலில் நின்ற சுதாகரனின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு சின்னப்பிள்ளை மாதிரி அழுதார். பெற்ற தகப்பன் கெடுக்கப் பார்த்ததை யாரோ பெற்ற பிள்ளை காப்பாற்றிவிட்டது.

பிசியோவும் சுதாகரனும் மாறி மாறிப் பாடுபட்டதில், பத்து மாதத்தில் மகள் மறுபடி பந்துக்கு எழும்பினாள். கொழும்புக்குப் போகிற ஆளெல்லாம் இன்றைக்கும் சுதாகரனுக்கென்று ஒரு பொதி பாரைக் கருவாடு சுமந்தாக வேண்டும்.

போன கிழமை கரம்பொன் ஏரம்பர் இடுப்பைப் பிடித்தபடி வந்து முற்றத்தில் குப்புறப் படுத்தார்.

"உதையடா தம்பி."

குருசுமுத்தர் பக்கத்தில் குந்தி, அவருடைய கால் பெருவிரலைத் தொட்டார்.

"மேல தூக்குங்கோ அண்ணை, பாப்பம்."

விரல் அசையவில்லை.

"எழும்புங்கோ, ஆசுப்பத்திரிக்குப் போவம்."

"ஏன், உதைக்கேல்லையோ?"

"இல்லையண்ணை. இந்தக் கால் ஒருக்கா உதைக்காமல் விட்டதாலதான் என்ர பிள்ளை இண்டைக்கு நடக்கிறாள்."