போர்ட் ஆஃப் ஸ்பெயினுக்கு மூன்று நிமிடம்

இன்னும் இருபத்தொன்பது மணி நாற்பது நிமிடம் இருந்தது.

மேனாம்பேட்டு அரிசி மில்லின் ஆபீஸ் அறையில் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துத் தாட்சாயிணி இந்தக் கணக்கைப் போட்டாள். வெள்ளிக்கிழமை பகல் மணி பதினொன்று ஐம்பது. சனிக்கிழமை சாயங்காலம் ஐந்தரைக்கு மில் முதலாளி திருவேங்கடம், டிரினிடாட் தீவிலிருக்கும் தன் மகன் வரதனோடு டெலிபோனில் பேசப் போகிறார். மூன்று நிமிடம்.

வரதன் கரும்பு ஆராய்ச்சி படிக்கக் கப்பல் ஏறிப் பதினொரு மாதம் ஆகியிருந்தது. கடிதம் போய்ச் சேர இரண்டு மாதம், பதில் வர இரண்டு மாதம். திருவேங்கடத்துக்கு அவ்வளவு பொறுமை இல்லை. இந்தச் சனிக்கிழமை டெலிபோன் பக்கத்தில் இரு என்று மட்டும் மகனுக்கு இரண்டு மாதம் முன்பே எழுதிப் போட்டிருந்தார். அடுத்த வெள்ளிக்கிழமை நிச்சயதாம்பூலத்துக்கு நாள் குறித்துவிட்டார். பெண், முத்தாபுதுப்பேட்டையிலிருக்கும் தங்கை வேம்புலியம்மாளின் மகள் சொர்ணம். பையன் வாயால் ஒரு வார்த்தை வாங்கிவிட்டால் போதும். அது ஒன்றும் கஷ்டமில்லை. அப்பா எதைச் சொன்னாலும் "ஆகட்டும்ப்பா" என்று சொல்லியே வளர்ந்தவன் வரதன். டிரினிடாட்டுக்குப் போ என்றபோதும் அதையேதான் சொன்னான்.

இதில் ஒரே ஒரு இடைஞ்சல். வரதனுக்கு ஏற்கெனவே கல்யாணம் ஆகிவிட்டது.

கப்பல் புறப்பட நான்கு நாள் இருக்கும்போது, மாங்காட்டுக்குப் போகிற வழியில் ஒரு சின்னப் பிள்ளையார் கோயிலில், குருக்களும் இரண்டு சிநேகிதர்களும் பூவைத் தின்ன வந்த ஓர் ஆட்டுக்குட்டியும் பார்க்க, அவன் தாட்சாயிணியின் கழுத்தில் மஞ்சள் கயிறு கட்டினான். திரும்பி வந்து அப்பாவிடம் நேரில் சொல்கிறேன் என்றான். அன்றிலிருந்து அவள் கழுத்து மூடிய ரவிக்கைதான் போடுகிறாள். கூச்ச சுபாவமுள்ள பெண், அப்படித்தான் உடுத்துவாள் என்று ஊர் நினைத்துக்கொண்டது. சொர்ணம் விஷயம் காதில் விழுந்ததுமே அவனுக்கு எழுதிப் போட்டாள். அந்தக் கடிதம் இப்போது ஏதோ ஒரு சமுத்திரத்தில் ஆடிக்கொண்டிருந்தது. ஆகவே வரதனுக்கு ஒன்றும் தெரியாது. நாளைக்கு அவன் "ஆகட்டும்ப்பா" என்று சொன்னால் கதை முடிந்தது.

அந்த டெலிபோன் காலை ஏற்பாடு செய்து கொடுக்க வேண்டியவளும் அவள்தான்.

தாட்சாயிணி, ரயில்வே சிக்னல்காரர் கன்னியப்பனின் மகள். பௌதிகத்தில் பி.எஸ்ஸி. அம்பத்தூரில் பெண்கள் பள்ளி டீச்சர். யுத்த காலத்தில் ஆவடி பட்டாள முகாமுக்கு அரிசி போன புண்ணியத்தில் மில்லுக்கு டெலிபோன் வந்தது. பட்டாளத்துக்காரர்களுக்கு இங்கிலீஷில் எழுத ஆள் வேண்டியிருந்தது. அப்படித்தான் அவள் மில்லுக்கு வந்து போக ஆரம்பித்தாள்.

டிரங்க் ஆபீஸில் பதிவு செய்யும்போது மூன்று விஷயம் கேட்பார்கள். எந்த ஊர், கூப்பிடுகிறவர் பெயர் என்ன, அங்கே யாரோடு பேச வேண்டும். முதல் இரண்டையும் தாட்சாயிணி கணீரென்று சொன்னாள். இங்கிலீஷில் பதில் சொல்லத் தோதாக இருக்கட்டும் என்று கூப்பிடுகிறவர் என்று தன் பெயரையே கொடுத்தாள். மூன்றாவது கேள்வி வந்தபோது நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது.

கட்டினவன் பெயரைச் சொன்னால் அவன் ஆயுசு குறையும் என்பதை அவள் நம்பவில்லை. ஒலி என்பது காற்றில் ஏற்படும் அதிர்வு. அது எந்த மனிதனின் ஆயுளையும் தொடாது. இதை வகுப்பில் பாடமாகவே நடத்துகிறாள். ஆனால் நாக்கு பௌதிகம் படிக்கவில்லை. பதினொரு மாதமாக அது அந்தப் பெயரின் பக்கமே போகவில்லை.

காது வலிக்கிறது என்று சொல்லி ரிசீவரை இஞ்சின் டிரைவர் அய்யாசாமியிடம் நீட்டினாள். அய்யாசாமி ரங்கூனில் இருந்தவர். தனக்கும் இங்கிலீஷ் தெரியும் என்று நிரூபிக்க இருபது வருஷமாகக் காத்திருந்தவர். "மிஸ்டர் வரதன், ரைஸ் மில் சன்" என்று அவர் போட்ட சத்தத்தில் புழுங்கல் அண்டாவின் மூடி அதிர்ந்தது.

அன்று சாயங்காலத்துக்குள் மேனாம்பேடு முழுக்க இதே பேச்சாகிவிட்டது. தாட்சாயிணி பள்ளியிலிருந்து ஒரு சிலேட்டைக் கொண்டுவந்து விதிகளை எழுதி டெலிபோனுக்கு மேலே மாட்டினாள். ஒருவர் பேசி முடித்த பிறகே மற்றவர் பேச வேண்டும். சாப்பிட்டாயா என்பதை ஒருவர் மட்டும் கேட்டால் போதும். அழக் கூடாது. கத்தக் கூடாது. கடைசி விதிக்குக் கீழே இரண்டு கோடு இழுத்தாள். ஏனென்றால் திருவேங்கடம், டிரினிடாட் தூரமாயிற்றே என்று ஒத்திகையிலேயே தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருந்தார்.

குரல் எப்படிப் போகும் என்று அவர் கேட்டார். இங்கிருந்து மதராஸுக்கும் அங்கிருந்து பம்பாய்ப் பக்கத்துக்கும் கம்பி வழியாக, பிறகு கம்பியே இல்லாமல் ஆகாசத்தில் லண்டனுக்கு, லண்டனிலிருந்து மறுபடி ஆகாசத்தில் டிரினிடாட்டின் தலைநகரான போர்ட் ஆஃப் ஸ்பெயினுக்கு என்று விளக்கினாள். நமக்குச் சாயங்காலம் ஐந்தரை ஆகும்போது அங்கே காலை எட்டு என்றும் சொன்னாள்.

"அப்ப இன்னைக்குப் பொழுது எப்டி போச்சுன்னு தம்பிக்கு நாம முன்னாடியே சொல்லிடலாம்," என்றார் அய்யாசாமி. "உஷாரா இருந்துக்கும்."

திருவேங்கடத்தின் மனைவி நாகம்மாள் மட்டும் இதில் எதிலும் கலந்துகொள்ளவில்லை. கறுப்பாக, கொம்பு வைத்துக்கொண்டு, தானாகக் கத்துகிற சாமானை அவள் கையால் தொடமாட்டாள். சுவரோரமாக உட்கார்ந்து வெற்றிலை மடித்துக்கொண்டிருந்தாள். புருஷனை "மில்லுக்காரரு" என்பாள். அவர் பெயரில் வேங்கடம் இருப்பதால் திருப்பதிக்குப் போய் வந்தாலும் "மேல் மலைக்குப் போனோம்" என்பாள். முப்பது வருஷ அப்பியாசம்.

சனிக்கிழமை மூன்று மணிக்கே வேம்புலியம்மாள் மாட்டுவண்டியில் வந்து இறங்கினாள். கூடவே ஒரு தூக்கு நிறைய அதிரசம். மருமகன் ஆகட்டும் என்றதும் எல்லாருக்கும் கொடுக்க. மகள் சொர்ணத்துக்கு வெட்கம், வீட்டிலேயே இருந்துவிட்டாள் என்றாள். காஞ்சிபுரம் வரதராஜருக்குக் கருட சேவைக்கு வேண்டிக்கொண்டிருப்பதாகவும் சொன்னாள்.

"நீயும் போயிருக்கியாம்மே வரதராஜர் கோயிலுக்கு?" என்று தாட்சாயிணியைக் கேட்டாள்.

"போயிருக்கேன். அந்தக் காஞ்சிபுரம் பெருமாளுக்குக் குடை ரொம்ப அழகு," என்றாள் தாட்சாயிணி.

நாகம்மாளின் கை வெற்றிலையில் நின்றது. நிமிர்ந்து அந்தப் பெண்ணை ஒரு தடவை பார்த்தாள். பிறகு சுண்ணாம்பைத் தடவினாள்.

ஐந்து மணிக்கு அறையில் நிற்க இடமில்லை. ஜன்னல் கம்பிகளுக்கு நடுவே முகங்கள். மில் இஞ்சினை நிறுத்தியாயிற்று. அந்த நிசப்தம் பழக்கமில்லாததால் எல்லாரும் கிசுகிசுவென்று பேசினார்கள். யாரோ டெலிபோனுக்குச் சந்தனப் பொட்டு வைத்திருந்தார்கள்.

தாட்சாயிணி சுவர்க் கடிகாரத்தை மறுபடி பார்த்தாள். பயம்தான். ஆனால் அதற்கு அடியில் வெட்கம் கெட்ட ஒரு சந்தோஷம் குதித்துக்கொண்டிருந்தது. இன்னும் அரை மணியில் அவன் குரல் இந்த அறைக்குள் வந்துவிடும். என்ன சொன்னாலும் சரி, அவன் குரல்.

ஐந்து இருபத்தாறுக்கு மணி அடித்தது. வேம்புலியம்மாள் கையெடுத்துக் கும்பிட்டாள்.

மதராஸ் டிரங்க் ஆபீஸ் பெண்மணி பேசினாள். லண்டன் தயார், போர்ட் ஆஃப் ஸ்பெயின் தயார், ஆனால் பதிவுச் சீட்டில் பெயர் "சன் ரைஸ்" என்று இருக்கிறது. அப்படி யாரும் அங்கே இல்லை என்கிறார்கள். கூப்பிடப்படுகிறவர் பெயரைச் சரியாகச் சொல்லுங்கள் என்றாள்.

தாட்சாயிணி அய்யாசாமியைப் பார்த்தாள். அவர் ஆசையோடு கையை நீட்டினார். டிரங்க் பெண்மணி மறுத்துவிட்டாள். பதிவு செய்தவர்தான் சொல்ல வேண்டும், நேற்றுக் கத்திய ஆள் வேண்டவே வேண்டாம்.

ஒவ்வோர் எழுத்தாகச் சொன்னால் பெயர் சொன்னதாகாது என்று தாட்சாயிணிக்குத் தோன்றியது. ஆரம்பித்தாள். வோல்ட்டுக்கு வரும் வி. ஆம்பியருக்கு வரும் ஏ. ரெசிஸ்டன்ஸுக்கு வரும் ஆர். ஆகாசம் குறுக்கே இரைந்தது. பம்பாய்க்காரருக்குப் பாதிதான் கேட்டது. டிரங்க் பெண்மணியின் குரலில் அலுப்புத் தட்டியது. எழுத்து வேண்டாம், முழுப் பெயரைச் சொல்லுங்கள், ஒரு நிமிடத்தில் சொல்லாவிட்டால் கால் ரத்து என்றாள்.

"இன்னா கேக்குறா?" என்றார் திருவேங்கடம்.

"உங்க பிள்ளை பேரு."

"சொல்லேன். அதுக்கு இன்னா யோசனை? தெரியாத பேரா?"

ரத்தானால் நல்லதுதானே என்று ஒரு கணம் நினைத்தாள். கால் இல்லாவிட்டால் "ஆகட்டும்ப்பா"வும் இல்லை. ஆனால் வெள்ளிக்கிழமை நிச்சயதாம்பூலம் எப்படியும் நடக்கும், இவர் நிறுத்தமாட்டார். அதைவிட முக்கியம், ஒன்பதாயிரம் மைலுக்கு அப்பால் ஒருவன் காலை எட்டு மணிக்குத் தலை வாரிக்கொண்டு ஒரு கறுப்புச் சாமானுக்கு முன்னால் காத்துக்கொண்டிருக்கிறான். அவன் பெயரைச் சொன்னால்தான் அவனைக் கூப்பிடுவார்கள்.

கண்ணை மூடிக்கொண்டாள்.

"வரதன்," என்றாள். தெளிவாக, எல்லாருக்கும் கேட்கும்படி.

சொன்ன மறுகணம், அவளைக் கேட்காமலே வலது கை கழுத்துக்குப் போனது. ரவிக்கைக்குள்ளிருந்து மஞ்சள் கயிற்றை இழுத்தது. இரண்டு கண்ணிலும் ஒற்றியது. தவறிப்போய்ப் பெயரைச் சொல்லிவிட்ட பெண்டாட்டிகள் செய்கிற காரியம் அது. செய்ததே அவளுக்குத் தெரியாது. லைனில் லண்டன் வந்திருந்தது; அவள் அதைக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

எல்லாருடைய கண்ணும் டெலிபோன் மேல் இருந்தது, நாகம்மாளுடையதைத் தவிர.

"ஹலோ," என்றது ஒரு குரல். கிணற்றுக்குள்ளிருந்து வருவது போல இருந்தது. தாட்சாயிணி ரிசீவரை மாமனாரிடம் கொடுத்தாள்.

சிலேட்டு விதிகள் பத்து நொடிகூடத் தாங்கவில்லை. திருவேங்கடம் சாப்பிட்டாயா என்று கேட்டார். வேம்புலியம்மாள் சாப்பிட்டானா என்று கேட்கச் சொன்னாள். ஜன்னலிலிருந்து யாரோ, தம்பி சாப்பிட்டாச்சா என்றார்கள். மழை பெய்கிறதா என்பதில் இன்னொரு அரை நிமிடம் போனது. லண்டனுக்கு அந்தப் பக்கம் அலை எழும்பி எழும்பித் தணிந்தது. பிறகு திருவேங்கடம் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"நைனா, சொர்ணத்த உனக்கே பேசி முடிச்சிடலாம்னு கீறோம். இன்னா சொல்றே?"

ஆகாசம் ஓவென்று இரைந்தது. இரைச்சல் ஓய்ந்ததும், பக்கத்து அறையில் இருப்பவன் போல, ரிசீவருக்கு வெளியிலும் கேட்கும்படி, அவன் குரல் சுத்தமாக வந்தது.

"ஆகட்டும்ப்பா."

வேம்புலியம்மாள் அதிரசத் தூக்கின் மூடியைத் திறந்தாள். ஜன்னலில் கைதட்டினார்கள். அய்யாசாமி முதல் அதிரசத்தை எடுத்துக்கொண்டார். தாட்சாயிணிக்கு ஒன்று தெளிவாகத் தெரிந்தது. அவன் கேள்வியைக் கேட்கவில்லை. இரைச்சல் அதைத் தின்றுவிட்டது. அவன் தன் பழக்கத்துக்குத்தான் பதில் சொன்னான். ஆனால் இதை இந்த அறையில் யாரிடம் சொல்வது?

திருவேங்கடம் திருப்தியாக ரிசீவரை மாட்டப் போனார். ஒரு கை குறுக்கே வந்து அதைப் பிடுங்கியது. நாகம்மாளின் கை. அந்தச் சாமானை அவள் தொட்டதை மேனாம்பேடு பார்ப்பது அதுவே முதல் தடவை.

"மூணு நிமிசம் ஆவலே," என்றாள் புருஷனிடம். "இன்னும் ஒண்ணு பாக்கி கீது."

ரிசீவரைத் தாட்சாயிணியின் கையில் வைத்தாள். வைத்துவிட்டு, ரவிக்கைக்கு வெளியே தொங்கிய கயிற்றை ஒரு விரலால் லேசாகத் தூக்கி அவளுக்கே காட்டினாள்.

"எத்தினி நாளா?" என்றாள், மெதுவாக.

"பதினோரு மாசம், அத்தை."

"அதான் காஞ்சிபுரத்துப் பெருமாளுக்குப் பேரே இல்லாமப் பூட்டுது. பேசு. எனக்குச் சொன்னது போதாது. ஊருக்குக் கேக்கணும்."

தாட்சாயிணி ரிசீவரைக் காதில் வைத்தாள்.

"ஏங்க," என்றாள்.

சமுத்திரம் இரைந்தது. பிறகு, "தாட்சாவா? நீயா? அப்பா என்ன கேட்டார்? மழையைப் பற்றித்தானே?"

"சொர்ணத்தைக் கட்டிக்கிறீங்களான்னு கேட்டாங்க. ஆகட்டும்னுட்டீங்க."

மறுமுனையில் நாற்காலியோ எதுவோ விழுந்தது. அவன் என்னவோ கத்தினான். இரைச்சலில் ஒன்றும் பிடிபடவில்லை. டிரங்க் பெண்மணி குறுக்கே வந்து இன்னும் முப்பது நொடி என்றாள். வேம்புலியம்மாள் அதிரசத்தோடு அப்படியே நின்றாள். திருவேங்கடம் இவளையும் மனைவியையும் மாறி மாறிப் பார்த்தார். ஜன்னல் முகங்கள் இரண்டு மடங்காகியிருந்தன.

சிரிப்பு வயிற்றிலிருந்து கிளம்பி மேலே வந்தது. அடக்கப் பார்த்தாள்; முடியவில்லை. தலைக்கு மேலே தொங்கிய சிலேட்டையும், இரண்டு கோடு இழுத்த அந்தக் கடைசி விதியையும் ஒரு தடவை பார்த்துக்கொண்டாள். பிறகு, டெலிபோனே இல்லாவிட்டாலும் போர்ட் ஆஃப் ஸ்பெயினுக்குக் கேட்கும்படி, ஆயுசில் அதுவரை போடாத சத்தத்தில் சொன்னாள்:

"மாமா, உங்க பிள்ளைக்குக் கல்யாணம் ஆயாச்சு. நான்தான் பொண்ணு."