ஒன்பது மணிக்கு மேல்

மந்திரமூர்த்தி தன் மச்சினனை பாருக்குள் விடவில்லை. அந்த ஒரே குற்றத்துக்காக மறுநாள் காலை, முக்கூடல் அம்மன் கோவிலில், அவர் மகள் நித்யாவின் காதுகுத்து அந்தரத்தில் நின்றது. தாய்மாமன் மடி இல்லாமல் எந்த ஆசாரி கம்பியை எடுப்பார்?

தீபாவளியன்று பாட்டில் குத்து நடந்ததிலிருந்து பாரில் புது உத்தரவு. ஒன்பது மணிக்கு மேல் உள்ளே இருப்பவர் குடித்து முடிக்கலாம். புதிதாக ஒருத்தரும் நுழையக் கூடாது. வாசலில் நிற்கும் பாழாய்ப்போன வேலை மந்திரமூர்த்திக்கு. நேற்று ராத்திரி மச்சினன் பெருமாள்ராஜ் வந்தான். வாய்க்கால் தண்ணீருக்காக அவனோடு பகலில் மல்லுக்கு நின்ற ஆள் உள்ளே இருந்தான்.

"வழிய விடும் அத்தான். அவன்ட்ட ரெண்டு வார்த்த கேட்டுட்டு வந்துருதேன்."

"மணி ஆயிட்டுலே மாப்ள. பைய வீட்டுக்குப் போ."

"உள்ள இருக்கவன்லாம் யோக்கியன், வெளிய நிக்கவன்தான் ரவுடியோ? பொண்டாட்டி தம்பின்னும் பாக்கலல்லா? இனி உம்ம மூஞ்சியில முழிக்க மாட்டேன்."

அவன் கேட்டதற்கு உத்தரவு போட்டவர்களிடமாவது பதில் இருக்குமா என்பது சந்தேகம்தான். உள்ளே இருப்பவர்களே மண்டையை உடைத்துக்கொண்டதையும் மந்திரமூர்த்தி பார்த்திருக்கிறார். இருந்தாலும் கதவைச் சாத்தினார்.

தம்பியைத் திருப்பியனுப்பிய புருஷனோடு பேச்சித்தாய் காலையிலிருந்து பேசவில்லை. ஆசாரி வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார். மந்திரமூர்த்தி கோவில் தூணோரம் நின்றார். ஒரு உத்தரவுக்காகப் பிள்ளையின் மாமனைத் தொலைத்துவிட்டோமே என்று தன்னையே நொந்துகொண்டார்.

"ஒன்பது தாண்டிட்டே அத்தான். உள்ள விடுவீரா, மாட்டீரா?"

கையில் சீர்த்தட்டோடு பெருமாள்ராஜ் நின்றான். ராத்திரி முழுக்கத் தூங்காத கண்கள். மந்திரமூர்த்தி அவன் தோளைப் பிடித்து இழுத்துப் போய் மணையில் உட்கார வைத்தார்.

பெருமாள்ராஜ் குழந்தையை மடியில் வாங்கினான். பிறகு தலையைக் குனிந்துகொண்டே சொன்னான்: "நேத்து இடுப்புல அரிவா வச்சிருந்தேன் அத்தான். நீரு உள்ள விட்டிருந்தா, இன்னைக்கு இவ யாரு மடியில இருப்பா?"

ஆசாரி கம்பியை எடுத்தார். நித்யா வீறிட்டாள். மாமன்காரன் அவளைவிட அதிகமாக அழுதான்.

பேச்சித்தாய் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு புருஷன் பக்கம் திரும்பினாள்.

"வாசல்ல நின்னது போதும். இங்கன வந்து உக்காருங்க."