மூச்சு விட்ட இடம்

விடியப்புறம் கண்மூடிய அப்பாவைக் குளிப்பாட்டத் தண்ணீர் எடுக்க வாளியோடு போன சிவானுஜா, கிணற்றடித் தென்னைக்குப் பின்னால் அப்படியே நின்றுவிட்டாள். அந்தப் பக்கம் சின்னண்ணன் உதயரூபன் கைப்பேசியை ஸ்பீக்கரில் போட்டுப் பேசிக்கொண்டிருந்தான்.

“காணாமல் ஆக்கப்பட்ட சுபாகரன் எண்டு வாசிக்க ஏலாது சேர்,” என்றது வானொலி நிலையத்துக் குரல். “அது அரசியல். நேயர்கள்ர மனம் புண்படும்.”

“மரண அறிவித்தல்தானே?”

“செத்த வீடெண்டாலும் ஒலிபரப்புக்கு ஒரு ஒழுக்கம் இருக்கு சேர். ‘காலஞ்சென்ற சுபாகரன்’ எண்டு போடுவம். இல்லாட்டிப் பேரையே எடுப்பம். எது வேணும்?”

காலையில் செய்வினை எடுக்கும் சாமியாரையும் மாலையில் முகம் வெளுக்கும் களிம்பையும் விற்று, எவர் மனத்தையும் புண்படுத்தாமல் நடந்துவரும் நிலையம் அது.

வாளி தென்னையில் இடித்தது. உதயரூபன் திரும்பிப் பார்த்தான்; ஸ்பீக்கரை நிறுத்திவிட்டு வேலிக்கு அப்பால் போய்விட்டான்.

என்ன சொல்லப்போகிறான் என்று அவளுக்குத் தெரியும். உதவி அதிபர், அதிபர் கதிரைக்குக் காத்திருப்பவன். அம்மா பெரியண்ணன் சுபாகரனின் படத்தோடு நீதி கேட்டுத் தெருவோரம் உட்காரும் நாட்களில் சுற்றுப்பாதையால் பள்ளிக்கூடம் போகிறவன்.

அப்பா கனகசூரியம், காகித ஆலையில் வேலை செய்து ஓய்வு பெற்றவர். வானொலியைக் காதோடு வைத்துக்கொண்டுதான் தூங்குவார். ஆனால் அதை ஒரு சொல் நம்பமாட்டார். “இப்ப மூச்சு விட்டான் பார் புள்ள, அந்த இடத்திலதான் வெட்டியிருக்கானுகள்,” என்பார். வானிலை அறிக்கையிலும் எதையோ மறைக்கிறார்கள் என்பது அவருடைய முடிவு. துறைமுகத்துக்குப் போன சுபாகரனை வேனில் ஏற்றிக்கொண்டு போனதாக ஊரே சொன்ன நாளில், அந்த வானொலிப் பெட்டி காலையிலிருந்து இரவுவரை பாட்டுப் போட்டது. அன்றிலிருந்துதான் இந்த வியாதி.

“என்ன போடச் சொன்னீங்க?” திரும்பி வந்தவனை மறித்துக் கேட்டாள்.

“போடவேண்டியத. நீ தண்ணிய அள்ளு.”

முகத்தைப் பார்க்காமல்தான் சொன்னான். அதற்குமேல் அவளுக்குச் சாட்சி தேவைப்படவில்லை.

அம்மா இலட்சுமி, சுபாகரனுக்கு மரணச் சான்றிதழோடு வந்த அதிகாரிகளுக்குத் தேத்தண்ணி கொடுத்துத் திருப்பி அனுப்பியவள். ‘காலஞ்சென்ற’ என்ற சொல் இன்றைக்கு அவள் காதில் விழக்கூடாது. சிவானுஜா உள்ளே போய், அப்பாவின் வானொலியிலிருந்து பற்றரிகளைக் கழற்றிக் கைக்குள் பொத்திக்கொண்டாள்.

பகல் செய்தி முடியும் நேரம் அம்மா சவப்பெட்டியடியிலிருந்து தலை நிமிர்த்தினாள்.

“அறிவித்தல் வரும். ரேடியோவப் போடு புள்ள.”

“பற்றரி முடிஞ்சிட்டும்மா.”

“நேத்துத்தானே அவர் மாத்தினவர்.” அம்மா அவளுடைய மூடிய கையைப் பார்த்தாள். “நீயுமா மறைக்கிறாய்?”

பக்கத்து வீட்டுச் சீதேவிப்பிள்ளை வெற்றிலையை மெல்லுவதை நிறுத்திவிட்டாள். சிவானுஜா பற்றரிகளைத் திரும்பப் போட்டாள். ஒன்று தலைகீழாகப் போய், மறுபடி எடுத்துப் போடவேண்டியிருந்தது.

“வாழைச்சேனையைச் சேர்ந்த கனகசூரியம் காலமானார். அன்னார் இலட்சுமியின் அன்புக் கணவரும்…”

அறிவிப்பாளர் மூச்சு விட்டார்.

சிவானுஜா வாசலில் நின்ற உதயரூபனைப் பார்த்தாள். அவன் தரையைப் பார்த்தான்.

“…சுபாகரன், உதயரூபன், சிவானுஜா ஆகியோரின் அன்புத் தந்தையும் ஆவார். நல்லடக்கம் இன்று மாலை…”

சுபாகரனுக்கு முன்னால் ஒரு சொல்லும் இல்லை. ஊரில் இருக்கிற மற்ற இரண்டு பேரைப் போல அவனும் வெறும் பேராகப் போனான்.

“காணாமப் போனவனத்தான் வாசிக்க மாட்டாங்களாம்,” என்றான் உதயரூபன், அவளுக்கு மட்டும் கேட்க. “உசிரோட இருக்கிறவன வாசிக்கத் தடையில்லயாம். அப்ப அப்பிடியே போடுங்க எண்டன்.”

“முதலே சொல்லியிருக்கலாமே” என்று கேட்க நினைத்து விட்டுவிட்டாள்.

அம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். “மகன்மார் செய்யிற கடமைக்கு ரெண்டு வேட்டி எடுத்து வை புள்ள,” என்றாள்.

ஒன்றை உதயரூபன் கட்டிக்கொண்டான். மற்றதை அவள் மடிப்புக் கலையாமல் வாசல் கதிரையில் வைத்தாள். சனம் சேர்ந்து கதிரை போதாமல் போனபோதும் அதில் யாரும் உட்காரவில்லை. வழக்கத்தைவிடக் கொஞ்சம் பிந்தித்தான் பெட்டியைத் தூக்கினார்கள். ஏன் என்று பறைமேளக்காரர்கூடக் கேட்கவில்லை.

மேளச் சத்தம் சந்தியைத் தாண்டியதும், வீடு கழுவத் தண்ணீரோடு வந்த சீதேவிப்பிள்ளை கதிரையை ஒதுக்கக் கை வைத்தாள்.

“அது கிடக்கட்டும் மாமி,” என்றாள் சிவானுஜா. கதிரையைச் சுற்றிக் கழுவினார்கள்.