வெட்டிப்போட்ட மூச்சு

பூரணி ஹெட்போனைக் கழற்றி மேசையில் வைத்தாள். வைத்த சத்தத்தில் பஸ்லான் கணினியிலிருந்து திரும்பினான்.

"என்ட மூச்சு எங்க, தம்பி?"

துறைமுகத்துக்குப் பக்கத்தில், படகு எஞ்சின் திருத்தும் கடைக்கு மேலே ஒரு சின்ன அறை. எதிரொலியைத் தடுக்கச் சுவரெல்லாம் முட்டை மட்டை. மூன்று மாதமாக இருவரும் இங்கேதான் ஓர் அல்பம் செய்கிறார்கள். கட்டைபறிச்சான் ஊர்ப் பூரணியின் சாக்ஸபோனில், சாமிக்கு முன்னால் நின்று உருகுவது போன்ற ஜாஸ். கிண்ணியா ஊர்ப் பஸ்லானின் வாயில் ஹிப்-ஹொப். கடைசிப் பாட்டு மட்டும் பாக்கி. இன்று பின்னேரம் அல்பம் இணையத்தில் ஏறவேண்டும்.

அந்தப் பாட்டுக்குப் போன கிழமை அவள் மனதில் வந்ததை வந்தபடி நிறுத்தாமல் ஊதியிருந்தாள். பஸ்லானைக் கைப்பழக்கம் கெடுத்தது. பீட்டுக்குச் சத்தம் துப்புரவாக இருக்கவேண்டும் என்று, அவள் மூச்செடுத்த இடமெல்லாம் வெட்டினான். மிச்சத்தை இறுக்கி ஒட்டினான். பழைய பதிவின் மேலேயே சேமித்தும் விட்டான்.

"அது இரைச்சல் எண்டு நினைச்சன், அக்கா."

"நான் கும்பிடுறதே அந்த இடத்திலதான்."

திரும்ப ஊதச் சொல்லிக் கெஞ்சினான். அன்றைக்கு வந்தது அன்றோடு போய்விட்டது, தனக்கே நினைவில்லை என்றாள் அவள். அல்பத்தில் தன் பெயர் வேண்டாம், தன் வாசிப்பும் வேண்டாம் என்று சொல்லிவிட்டுச் சாக்ஸபோன் பெட்டியைத் தூக்கினாள். ஊருக்குப் போகும் மூதூர் பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது.

அவள் படியிறங்கும் சத்தம் கேட்டது. பஸ்லான் கணினியைத் துழாவினான். வெட்டியதை எறியாமல் ஒரு மூலையில் குவித்து வைப்பதும் அவன் பழக்கம். மூச்சுகள் அங்கே கிடந்தன. எது எந்த இடத்தினது என்று தெரியாது, பொருத்த வழியில்லை. கிடந்தபடியே அடுக்கி, ஸ்பீக்கரில் ஓடவிட்டான்.

ஹ்ஹ்... ஹ். ஹ்ஹ்... ஹ்.

டிரம் இல்லாமலே தாளம் நடந்தது.

படியில் கால்கள் நின்றன. பிறகு மேலே ஏறின.

பூரணி பெட்டியைத் திறந்து மைக்குக்கு முன்னால் வந்து நின்றாள்.

"என்ட மூச்சுக்கு மேல நீங்க பாடுங்கோ. உங்கட மூச்சையும் வெட்டப்படாது. இடறினாலும் நிப்பாட்டப்படாது. ஏலுமோ?"

"ஓம்."

கீழே கடைக்காரர் ஜமால்தீன் நண்பகல் லுஹர் தொழுகைக்குப் போயிருந்தார். அவர் வரும்வரைதான் அமைதி. மூச்சுத் தாளத்தையும் பதிவையும் ஓடவிட்டு, ஆளுக்கொரு ஹெட்போன் மாட்டிக்கொண்டார்கள். அவள் ஊதினாள். மூன்றாவது வரியிலேயே அவன் நாக்குப் புரண்டது. விரல் நிறுத்தும் பொத்தானுக்குத் தானாகப் போனது. பூரணி கண்ணாலேயே தடுத்தாள்.

அந்த நேரம் பார்த்துக் கீழே எஞ்சின் உறுமியது. தரை அதிர்ந்தது.

அவள் நிறுத்தவில்லை. சாக்ஸபோனின் சுரத்தை அந்த உறுமலுக்கும் கீழே இறக்கினாள். பஸ்லான் இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கோத்துக்கொண்டு அடுத்த வரிக்கு மூச்சை இழுத்தான்.

சந்தியில் மூதூர் பஸ் ஹோர்ன் அடித்துக்கொண்டு போனது. அதுவும் பதிந்தது.